தீவே கப்பலாக: இலங்கை வானொலி பற்றிய ஏக்கம் குறித்துச் சில சிந்தனைகள்

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வெளிவரும் நினைவுக் கட்டுரைகளிலே இலங்கை வானொலி ஒரு தனிக் கருப்பொருளாகிவிட்டது. ஊர்த் தேநீர்க் கடையொன்று, அங்கே ஒரு வானொலிப் பெட்டி, இரைச்சலினூடே வந்து சேரும் தெளிந்த தமிழ்க் குரல், அதனைத் தொடரும் திரைப்பாடல் என்பன இவ்வகை எழுத்தின் மாறாக் கூறுகள். இவற்றைப் படிக்கும்போது ஒருபுறம் பெருமிதமும் மறுபுறம் ஒருவகைச் சங்கடமும் எமக்கு ஏற்படுகின்றன. அச்சங்கடத்தின் அடிப்படையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய ஏக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1964ஆம் ஆண்டு மார்ச்சில் பிரித்தானியக் கரைக்கு அப்பால், சட்டத்தின் கை எட்டாத கடற்பரப்பில் நங்கூரமிட்ட கப்பலொன்றிலிருந்து றேடியோ கரோலைன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பி.பி.சி. அளந்து அளந்து கொடுத்த பொப்பிசையை இக்கப்பல் நாள் முழுவதும் வாரி வழங்கியது. 1967 ஓகஸ்டில் சட்டம் இயற்றி இத்தகைய கப்பல்களை ஒடுக்கிய அரசு, அடுத்த மாதமே பி.பி.சி.யின் கீழ் பொப்பிசைக்கெனத் தனி அலைவரிசையொன்றைத் திறந்தது. 'கடற்கொள்ளை வானொலி' என்று பெயர் பெற்ற அந்நிலையங்களை அந்தத் தலைமுறை இன்றும் விடுதலையின் குறியீடாகவே நினைவுகூர்கின்றது. அவ்விடுதலைக்குப் பணம் கொடுத்தோர் விளம்பரதாரர் என்பது அந்நினைவுகளிலே ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடுகின்றது.

இதனோடு ஒத்த நிகழ்ச்சி தென்னாசியாவில் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே நடந்தேறியது. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரையிசையைத் தரக்குறைவானதாகக் கருதினார். அவரது காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஏறத்தாழ மறைந்தே போயின. 1950 செப்டெம்பரில் தொடங்கியிருந்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அவ்வெற்றிடத்தை நிரப்பியது. ஈற்றில் இந்திய அரசும் 1957இல் 'விவித பாரதி'யைத் தொடங்க நேர்ந்தது. இங்கே கப்பல் தேவைப்படவில்லை. தீவே கப்பலாயிற்று.

ஆயினும் ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் தகாது. கப்பல் வானொலிகள் அரசுக்கு எதிரானவை. இலங்கை வானொலியோ அரசின் ஒரு திணைக்களம். அதன் வலிமைக்குக் காரணமாயிருந்த ஒலிபரப்பி கூடப் போரின் எச்சமேயாகும். 1944 ஏப்ரலில் மௌண்ட்பேற்றனின் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் கண்டிக்கு வந்து, எமது வளாகத்தை அடுத்துள்ள பேராதனைப் பூங்காவிலே முகாமிட்டது. அக்கட்டளைப்பீடத்தின் படையினருக்கென உருவானதே றேடியோ சியாக் என்னும் நிலையம். ஏக்கலையில் நிறுவப்பட்ட அதன் 100 கிலோவாற்று ஒலிபரப்பி 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஏகாதிபத்தியம் படைவீரரை மகிழ்விப்பதற்கு அமைத்த இயந்திரம் பின்னர் பற்பசை விற்கப் பயன்பட்டது. 1952இல் எமது பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்த அதே ஆண்டிலேதான் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா'வும் தொடங்கிற்று. அந்நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, நாடாக்கள் விமானத்தில் கொழும்புக்கு வந்து, மீண்டும் வான்வழியே இந்தியாவை அடைந்தது.

தமிழ் ஒலிபரப்பு இவ்விடத்தில் வேறுபடுகின்றது. பாட்டு சென்னையினுடையது; குரல் ஈழத்தினுடையது. எஸ்.பி. மயில்வாகனம் தொடங்கி கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் வரையிலான அறிவிப்பாளர்கள் மேடைத்தமிழின் அடுக்குமொழியும் தெருப்பேச்சின் தளர்வுமற்ற ஒரு நடுத்தரத் தமிழை ஆக்கித் தந்தனர். விளம்பரத்துக்காக ஆக்கப்பட்டதெனினும் அதனை ஒரு மொழிச் சாதனையாகவே நான் மதிப்பிடுவேன். வணிகத்தின் நிழலில் எழுந்த எதுவும் போலியே எனத் தீர்ப்பளிக்கும் எம் முற்போக்கு நண்பர் சிலரோடு இவ்விடயத்தில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் நினைவுக் கட்டுரைகள் அக்குரலைப் போற்றுமளவுக்கு அக்குரலுக்குரியோரின் வாழ்வை நோக்குவதில்லை. 1956இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழியாக்கப்பட்ட நாட்டின் அரச நிறுவனமொன்றிலிருந்தே அத்தமிழ் கடல் கடந்து சென்றது. 'திரைவிருந்'தின் வேகப் பேச்சால் இலட்சக்கணக்கானோரைக் கட்டிப்போட்ட கே.எஸ். ராஜா 1989இல் கொழும்பில் கொலையுண்டார். தேநீர்க் கடைச் சித்திரத்தில் இதற்கு இடமில்லை.

வேறொன்றுக்கும் இடமில்லை. தமிழ்நாட்டு நினைவு பெரிதும் வர்த்தக சேவையின் நினைவேயாகும். தேசிய சேவையில் 'சானா' வளர்த்த நாடக மரபும், இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' போன்ற, ஈழத்துப் பேச்சுமொழியை அச்சமின்றிக் கையாண்ட படைப்புகளும் அங்கே பேசப்படுவதில்லை. எமது வாயிலிருந்து அவர்கள் விரும்பிக் கேட்டது எமது கதையை அன்று, தம் பாடல்களின் பெயர்களையே என்று கூறின் அது கடுமையாகத் தோன்றலாம். எனினும் முற்றிலும் பொய்யன்று.

பொப்பிசையின் வரலாறு இதற்குச் சான்று. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' முதலியன பைலாத் தாளத்தை அடியொற்றி எழுந்தவை. போர்த்துக்கேயர் வழிவந்த அத்தாளம் சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுச் சொத்தாயிருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1970களில், வானொலியும் மேடையும் ஈழத்துப் பொப்பாடகர்களுக்கு ஓரளவு களம் அமைத்துக் கொடுத்தன. எம் விமர்சகர் பலர் இப்பாடல்களைக் கண்டு முகஞ்சுளித்தனர். ஈழத்து இலக்கியம் தனித்துவம் பெறவேண்டும் என்று வாதிட்டோர், அத்தனித்துவம் கள்ளுக்கொட்டில் வாசனையோடு வந்தபோது அதனை அடையாளங் காணவில்லை. 'சுராங்கனி'யோ கடல் கடந்து, 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலே இளையராஜாவின் இசையில் திரைப்பாடலாயிற்று. திரைப்பாடலான பின்னரே தமிழ்நாட்டில் அது பரவலாக நிலைத்தது.

இனிக் கண்டியைச் சூழ்ந்த மலைகளுக்கு வருவோம். ஹந்தானையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் உள்ள லயங்களில் ஒலித்ததும் இதே வானொலிதான். சி.வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்க'ளைத் தேடித் தொகுத்தது, அவை வாய்மொழியில் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில். அத்தேய்வுக்குத் திரைப்பாடலும் ஒரு காரணம் எனலாம். ஆனால் 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்திருந்த ஒரு மக்கட் கூட்டம், மாலையில் வேலை முடிந்து வந்து தன் மொழியில் ஒலித்த பாடலொன்றை விரும்பிக் கேட்டதை வெறும் மயக்கம் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. பேரேட்டில் பெயராக மட்டும் இருந்தவரின் பிள்ளையின் பெயர் பிறந்தநாள் வாழ்த்தில் வானிலே ஒலித்தது அற்ப நிகழ்வன்று.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறியோருள் பலர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் தேயிலைக் கொழுந்தே பறித்தனர். 1984இல் அக்கப்பற் சேவையும் நின்றுபோயிற்று. ஒலியலைகளுக்கோ கடவுச்சீட்டுத் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டின் பிற நேயர்களுக்கு அயல்நாட்டு வானொலியாயிருந்தது நீலகிரியின் அக்குடியிருப்புகளில் ஊர் வானொலியாகவே கேட்டிருக்க வேண்டும். நான் படித்த நினைவுக் கட்டுரைகளுள் ஒன்றேனும் அவர்கள் கையால் எழுதப்பட்டதன்று. பாடல்களின் பட்டியல்களை ஆர்வலர் பலர் சேகரித்துவிட்டனர். கலஹாவிலும் கோத்தகிரியிலும் முதியோர் சிலர் இன்னும் இருக்கின்றனர். தமிழ்ச் சங்க மாணவர் ஒலிப்பதிவுக் கருவியொன்றுடன் அவர்களிடம் செல்வதற்குப் பெரும் பொருட்செலவு ஏற்படப்போவதில்லை.