உறுமலுக்கு எர்த் மருந்தாகுமா?

இசைத்தட்டுக் கருவியில் உறுமல் கேட்டால் நம் ஊர்களில் எல்லோரும் தரும் அறிவுரை ஒன்றுதான்: “எர்த் கொடுங்கள், நின்றுவிடும்.” இதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து. சென்ற கோடையில் எலவனாசூர்கோட்டையில் உறவினர் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பழைய இசைத்தட்டுகளைக் கேட்பதற்காகப் புதிதாக ஒரு கருவி வாங்கியிருந்தார்கள். முள்ளை வைப்பதற்கு முன்பே ‘ம்ம்ம்’ என்று ஒலி. யாரோ சொன்னபடி, கிணற்றடியில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, கருவியின் மெல்லிய எர்த் ஒயரை ஜன்னல் வழியாக அங்கே இழுத்துக் கட்டினார்கள். உறுமல் கூடிற்று! அடுத்து வந்தவர் ஆம்ப்ளிஃபயரின் மூன்று முனைப் பிளக்கைத் திறந்து எர்த் ஒயரைக் கழற்றிவிட்டார். உறுமல் பெரும்பாலும் அடங்கிற்று. பிளஸ் ஒன் படிக்கும் பேரன் மட்டும் விடவில்லை. “எர்த் கொடுத்தால் ஏன் மாமா கூடிற்று? எடுத்தால் ஏன் குறைந்தது?”

நல்ல கேள்வி. வகுப்பில் எர்த் என்றால் பாதுகாப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் அதில் ஒரு குட்டு இருக்கிறது.

காந்த வகை முள்தலையிலிருந்து கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 5 மில்லிவோல்ட்தான். போதாக்குறைக்கு, தட்டில் பள்ளம் வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே பதிகிறார்கள். இல்லாவிட்டால் பள்ளங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஆம்ப்ளிஃபயர் அந்தக் குறையை ஈடு செய்கிறது. 1000 ஹெர்ட்ஸைவிட 50 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 7 மடங்கு அதிகமாகப் பெருக்குகிறது. நம் மின்சாரத்தின் அதிர்வெண்ணும் அதே 50! திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்தது போலத்தான்.

இப்போது அந்த வீட்டைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயருக்கு வீட்டு எர்த். கருவிக்குக் கிணற்றடி எர்த். ‘பூமி எங்கும் பூஜ்ய வோல்ட்’ என்பது பாடப்புத்தகத்துக்குச் சரி. கோடையில் காய்ந்த மண்ணில், பம்புசெட் மோட்டாரின் கசிவு மின்னோட்டமும் சேர்ந்தால், இரு இடங்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு வந்துவிடும். (பக்கத்துக் கொல்லையில் மோட்டார் ஓடியபோது உறுமல் ஏறியதைக் காதால் கேட்டேன்.) அந்தக் கருவியில் முள்கையின் உலோகம் சிக்னல் ஒயரின் உறையோடு உள்ளேயே இணைந்திருந்தது. ஆகவே இரண்டு எர்த்தும் அந்த உறையும் சேர்ந்து ஒரு பெரிய வளையம். வளையத்தில் ஓடும் மின்னோட்டம் உறையில் ஏற்படுத்தும் அழுத்தம் மில்லிவோல்ட்டில் ஒரு சிறு பின்னமாயிருந்தாலும் போதும், அது இசையோடு கலந்து பெருகிவிடும். பிளக்கில் எர்த்தைக் கழற்றியதும் வளையம் அறுந்தது, உறுமல் குறைந்தது.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை? ஆம்ப்ளிஃபயருக்குள் காப்பு கெட்டு 230 வோல்ட் உலோகப் பெட்டியைத் தொட்டால், வெளியேற மிஞ்சியிருப்பது மெல்லிய உறையும் கிணற்றடிக் கம்பியும்தான். அந்தக் கம்பிக்கு 100 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுவது 2.3 ஆம்பியர். அதற்கு வீட்டு ஃபியூஸ் போகாது. பெட்டி மின்னேறியபடியே, யாராவது தொடுவதற்காகக் காத்திருக்கும். உறுமலை நிறுத்திய கை வீட்டின் காவலையும் நிறுத்திவிட்டது.

நாங்கள் செய்தது எளியது. கிணற்றடி ஒயரை அவிழ்த்து, அதை ஆம்ப்ளிஃபயரின் பின்புறத் திருகில் கட்டினோம். அதற்கென்றே உள்ள திருகு அது. பிளக்கில் எர்த்தை மீண்டும் மாட்டினோம். எல்லாவற்றுக்கும் ஒரே எர்த்.

இன்னும் மெல்லிய முனகல் மிச்சம். ஒலியளவைக் குறைத்தால் அதுவும் குறைந்தது. ஆகவே பெருக்கியின் கடைசிக் கட்டத்தில் குற்றமில்லை. முள்ளைத் தட்டில் படாமல் கையால் நகர்த்தினேன். ஆம்ப்ளிஃபயர் இருந்த பக்கம் போகப் போக ஏறிற்று. அதன் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம்தான்! ஓரளவு தள்ளிப் போனால், தூரம் இரட்டித்தால் அந்தப் புலம் சுமார் எட்டில் ஒரு பங்காகும். ஓரடியிலிருந்து இரண்டடிக்கு நகர்த்தி வைத்தோம்.

பாட்டியம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தார். ஒரு கட்டை சுருதியில் பாடும் தட்டுகளில் தம்புராவின் பஞ்சமம் கொஞ்சம் ஏறியிருந்ததாகத் தமக்கு முன்பே தோன்றியதாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டைக்குக் கீழ்ப் பஞ்சமம் சுமார் 98 ஹெர்ட்ஸ். உறுமலின் இரண்டாம் சுரம் 100.