முதல் பேனாக்கத்தி: மூன்றைச் சீவிப் பார்த்தோம்

பட்டுப்புழுவுக்கு மல்பெரியைக் கிளையோடு வெட்டிப் போடுவார்கள். புழு இலையைத் தின்றுவிட்டு மொட்டைக் குச்சியை மிச்சம் வைக்கும். ஆனேக்கல் பக்கம் புழு வளர்க்கும் வீடுகளில் அது அடுப்புக்குப் போகிற விறகு. சுண்டுவிரல் தடிமன், நேரான நார், முள் கிடையாது. குழந்தைக்கு வாங்கும் மடக்குக்கத்தியைச் சோதிக்கத் தோதான மரம். ஒரு கட்டு வாங்கிவந்து, ஒன்பது வயது அண்ணன் மகளைத் திண்ணையில் உட்காரவைத்து, மூன்று கத்திகளைக் கொடுத்துப் பார்த்தேன்.

கத்தியா, இந்த வயதிலா என்று கேட்பவர்கள் இந்தத் தாலூகாவில் ராகி அறுப்பைப் பார்த்ததில்லை. சந்தாபுராவில் அடுக்குமாடிகள் எழும்புவதற்கு முன்பு, பிள்ளைகள் கையில் குடுகோலு, அதாவது கதிர் அரிவாள், இருந்தது அதிசயமில்லை. ஆனால் அரிவாள் மடங்காது. பேனாக்கத்தி மடங்கும். என் கணக்கில், குழந்தைக்கான கத்தியில் முதலில் பார்க்க வேண்டியது கூர்மையையோ எத்தனை கருவிகள் இருக்கின்றன என்பதையோ அல்ல. திறந்த அலகு, நாம் மூடாமல் தானாக மூடிக்கொள்ளுமா என்பதைத்தான்.

கடைவீதி இரும்புக்கடையில் வாங்கிய பெயரில்லாத கத்தியின் கதை சீக்கிரம் முடிந்தது. ரிவெட் தளர்ந்து அலகு பக்கவாட்டில் ஆடியது, முனையோ ஊசி. முதல் குச்சி முடிவதற்குள் வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். கடையில் வாங்கும்போதே அலகை முழுக்கத் திறந்து இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தால் இந்தச் செலவு மிச்சம்.

அடுத்தது 'மை ஃபர்ஸ்ட் விக்டோரினாக்ஸ்'. கார்ல் எல்சனர் 1884இல் ஸ்விட்சர்லாந்தின் இபாக்கில் தொடங்கிய பட்டறையின் வாரிசு. ராணுவ அதிகாரிகளுக்கான அவருடைய கத்தி 1897இல் பதிவானது. சிவப்புக் கத்தி என்று உலகமே அறிந்தது அதன் வம்சம்தான். குழந்தைகளுக்கான இந்த மாடல் மடக்கிய நிலையில் 84 மில்லிமீட்டர், அலகின் முனை உருண்டை. டின் திறப்பான், பாட்டில் திறப்பான், பிடிக்குள் செருகிய சாமணம், பல்குச்சி எல்லாம் உண்டு. அவளுக்குக் கொண்டாட்டம். வேலி உண்ணிச்செடியின் முள்ளை உள்ளங்கையிலிருந்து தானே சாமணத்தால் எடுத்துவிட்டு, அரைநாள் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

சீவும்போதும் குறையில்லை. பட்டை சுருள் சுருளாக வந்தது. சிக்கல் வேறு இடத்தில். அலகைத் திறந்த நிலையில் நிறுத்துவது பின்பக்க வில்கம்பி மட்டுமே, பூட்டு இல்லை. குச்சியில் பள்ளம் போட அவள் முனையை ஊன்றித் திருகியபோது அலகு விரலை நோக்கி லேசாக அசைந்தது. பெரியவர்களுக்கு அப்படி ஊன்றக் கூடாது என்று தெரியும். குழந்தை முதலில் செய்வதே அதைத்தான். தவிர, அந்த வில் கெட்டி. நகக்குழியில் அவள் நகம் வழுக்கிக்கொண்டே இருந்தது. வலதுகைக்காரர்களை மனதில் வைத்து வெட்டிய குழி அது, இடதுகைப் பிள்ளைகளுக்கு இன்னும் சிரமம்.

மூன்றாவது 'மை ஃபர்ஸ்ட் ஓப்பினல்'. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஓப்பினல் 1890இல் வடிவமைத்த குடியானவர் கத்தி, ஏழாம் நம்பர் அளவு, முனை மட்டும் உருட்டியது. 8 சென்டிமீட்டர் துருப்பிடிக்காத அலகு, மரப்பிடி. வேறு கருவி எதுவும் கிடையாது. அவள் முகம் சற்று வாடியது உண்மை. ஆனால் பிடியின் கழுத்தில் ஒரு உலோக வளையம் இருக்கிறது, 1955இல் சேர்த்தது. அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அது மடங்காது. இன்றைய கத்திகளில் மூடிய நிலையிலும் பூட்டலாம், பையில் தானாகத் திறந்துகொள்ளாது. பிடி உருண்டையாகவும் தடியாகவும் இருப்பதால் சின்னக் கைக்கு நிறைவாக இருக்கிறது. பள்ளம் போடும் வேலையைப் பயமில்லாமல் விட முடிந்தது இதில்தான்.

குறை இல்லாமல் இல்லை. வளையத்தைத் திருப்ப மறந்தால் பூட்டில்லாத கத்திக்கும் இதற்கும் வித்தியாசமே கிடையாது. அதனால் "சித்தப்பா, பூட்டிட்டேன்" என்று சொன்ன பிறகே குச்சியை எடுக்கலாம் என்று வைத்தேன். மழைக்காலத்தில் மரம் ஊறி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வளையத்தைத் தளர்த்திவிட்டு, பிடியின் அடிப்பாகத்தை மேசை விளிம்பில் தட்டினால் அலகு தலை நீட்டும். சவோய்க்காரர்களின் பழைய வித்தை அது. பெரியவர்கள் செய்து கொடுப்பது நல்லது.

வாங்குவதானால் ஓப்பினல். பன்னிரண்டு வயதைத் தாண்டி, கை பழகிய பிறகு விக்டோரினாக்ஸ். இரண்டுமே ஆயிரங்களில் விலை. அந்தப் பணம் பெரிதாகத் தோன்றினால், முனை உருண்ட, மடங்காத சின்னச் சமையலறைக் கத்தியை உறையோடு கொடுங்கள். எந்த மட்டமான மடக்குக்கத்தியையும்விட அது மேல்.

எதுவானாலும் வாரம் ஒருமுறை சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும். தொடைக்கு நடுவே வைத்துச் சீவக் கூடாது. அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. முழங்கைகளை முட்டியில் ஊன்றி, குச்சியை முட்டிக்கு அப்பால் நீட்டி, வெளிப்பக்கமாகச் சீவ வேண்டும். கைநீட்டும் தூரத்தில் தம்பி தங்கை யாரும் நிற்கக் கூடாது. அரளிக் குச்சியைத் தொடவே விடாதீர்கள், செடி முழுக்க விஷம். எருக்கம்பால் கண்ணுக்கு ஆபத்து. மல்பெரி அலுத்துவிட்டால் வெட்பாலை நல்லது. சென்னப்பட்டணத்து பொம்மைகள் செய்வதும் அந்த மெல்லிய வெள்ளை மரத்தில்தான்.

ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றியே கவலைப்படுகின்றன. இந்தச் சின்னக் கத்திகள் அந்தக் கணக்கில் வராது. ஆனால் பள்ளிப் பையிலோ விமானக் கைப்பையிலோ இருக்கக் கூடாது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவுக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சீவிவிட்டு அப்படியே ஊர் சுற்றக் கிளம்பினால் ஸ்கேனரில் மாட்டும். கிளம்புவதற்கு முன் பிள்ளையின் சட்டைப்பையை ஒருமுறை தடவிப் பாருங்கள்.