வரிசையில் வந்த பந்தும் வலை தாண்டி வந்த பந்தும்

நம் பள்ளி மைதானங்களில் வாலிபால் சொல்லித்தரும் முறை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். ஆசிரியர் விளக்குவார், செய்து காட்டுவார். பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக முன்வந்து அண்டர்ஹேண்ட் பாஸ் செய்வார்கள். அது கைக்குப் படிந்தபின் விரல் பாஸ், அதன்பின் சர்வீஸ், நேரம் மிஞ்சினால் கடைசியில் ஆட்டம். எளியதிலிருந்து கடினமானதற்கும் பகுதியிலிருந்து முழுமைக்கும் படிப்படியாக ஏறவேண்டும் என்ற இந்த எண்ணம் உடற்கல்வியில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பந்தைத் தொட்டே பழகாத பிள்ளையை ஆறுபேர் அணியில் நிறுத்தினால் பந்து தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இருக்காது. படிமுறை தேவைதான். ஆனால் அந்தப் படிகளை எதைவைத்து வகுத்தோம், எந்தப் படியில் எத்தனை நாள் நிற்கிறோம் என்பதில்தான் நாம் பிசகிவிட்டோம்.

திறன் கற்றலின் கட்டங்கள் என்றதும் உடற்கல்வி படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967இல் எழுதிய நூலின் பகுப்பு. முதல் கட்டத்தில் கற்பவர் என்ன செய்யவேண்டும் என்று யோசித்து யோசித்துச் செய்கிறார். தவறுகள் அதிகம், ஒவ்வொன்றும் வேறுவேறு மாதிரி. இரண்டாம் கட்டத்தில் அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன, தவறுகள் குறைகின்றன, தன் பிழை தனக்கே தெரியத் தொடங்குகிறது. மூன்றாம் கட்டத்தில் கை தானாக இயங்குகிறது. மனம் எதிராளியைக் கவனிக்க ஓய்வு பெறுகிறது. இது கற்பவருக்குள் நிகழும் மாற்றத்தின் விவரிப்பு. அதை நாம் கால அட்டவணையாக மாற்றிக்கொண்டோம்: இந்த மாதம் அசைவு, அடுத்த மாதம் இணைப்பு, ஆண்டு இறுதியில் ஆட்டம். மூன்று கட்டங்களையும் ஒரு பிள்ளை ஆட்டத்துக்கு உள்ளேயே கடக்கலாம். ஆட்டத்துக்கு வெளியே கடந்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று அந்தப் பகுப்பு எங்கும் கட்டாயப்படுத்தவில்லை.

ஒரு பாஸை மட்டும் கிட்டே நின்று பார்ப்போம். வரிசையில் ஆசிரியர் மூன்று மீட்டர் தள்ளி நின்று, மாணவியின் இடுப்பு உயரத்துக்குப் பந்தை மெதுவாகப் போடுகிறார். அவள் முழங்காலை மடக்கி, இரு முன்கைகளையும் சேர்த்து, பந்துக்கு அடியில் கொடுக்கிறாள். பந்து அழகாக எழும்புகிறது. பத்து முறை போட்டால் பத்தும் சரி. அதே மாணவிக்கு ஆட்டத்தில் சர்வீஸ் வருகிறது. இப்போது பந்து வலைக்கு அப்பாலிருந்து, சுழன்றபடி, இரண்டடி இடப்பக்கமாக வருகிறது. எதிராளியின் தோளைப் பார்த்துத் திசையைக் கணிக்கவேண்டும்; பந்து வருமுன் கால் நகர்ந்திருக்கவேண்டும்; பக்கத்தில் நிற்பவள் எடுப்பாளா, தான் எடுப்பதா என்று முடிவு செய்யவேண்டும். வரிசையில் பழகியது முன்கை மட்டும். கண்ணும் காலும் முடிவும் அங்கே ஒருமுறைகூட வேலை செய்யவில்லை. பந்து தோளில் பட்டுத் தெறித்ததும் ‘டிரில்ல நல்லா பண்றா, மேட்ச்ல சொதப்புறா’ என்கிறோம். அவள் சொதப்பவில்லை. அவளுக்கு நாம் சொல்லித்தராத ஒன்றைத் தேர்வில் கேட்டுவிட்டோம்.

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது பதியும் என்ற நம்பிக்கையை நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் 1920களிலேயே மாஸ்கோவில் அசைத்துப் பார்த்தார். உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளின் கையைப் படம்பிடித்து அளந்தபோது, தோளும் முழங்கையும் ஒவ்வோர் அடியிலும் சற்றே வேறுவிதமாக அசைந்தன. ஆனால் சுத்தியலின் முனை ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுந்தது. தேர்ச்சி என்பது ஒரே அசைவை நகலெடுப்பது அல்ல. மாறும் நிலைமைக்கேற்ப வேறுவேறு வழியில் ஒரே இலக்கை அடைவது. 1979இல் ஜான் ஷியாவும் ராபின் மார்கனும் செய்த சோதனை இதற்கு இன்னொரு பக்கம் சேர்த்தது. ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். மூன்று வேலைகளையும் கலந்து பழகியவர்கள் திணறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே மேலாக நின்றார்கள். 1986இல் குட், மேகில் இருவரும் இறகுப்பந்தின் மூன்றுவகை சர்வீஸ்களைப் புதிதாகக் கற்ற பெண்களிடம் இதே போக்கைக் கண்டார்கள். பழகாத பக்கத்திலிருந்து சர்வீஸ் போடச் சொன்னபோதும் கலந்து பழகியவர்கள் கை ஓங்கியிருந்தது. பயிற்சியின்போது தெரியும் அழகு வேறு, கற்றல் வேறு. வரிசைப் பயிற்சி முதலாவதை வாரி வழங்குகிறது. அதனால்தான் ஆசிரியருக்கும் மாணவருக்கும் அது மனநிறைவு தருகிறது. அதனால்தான் அதைக் கைவிடவும் மனம் வரவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் பெரிதாகத் தெரியும் இந்த விளைவு மைதானத்தில் சிறுத்துவிடுகிறது. சிறு பிள்ளைகளிடம் முடிவுகள் ஒருமுகமாக இல்லை. முதல் நாளே மூன்றையும் கலந்து கொடுத்தால் பிள்ளை குழம்பும் என்பது உண்மை. நம் மண்ணிலேயே சிலம்பம் இருக்கிறது: காலடி படியாமல் ஆசான் கம்புச் சண்டைக்கு விடமாட்டார். இதை நான் ஏற்கிறேன். ஆனால் காலடி வரிசையில் மாணவர் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பதில்லை. திசை மாறுகிறது, எடை மாறுகிறது, முன்னும் பின்னும் நகர்வு இருக்கிறது. கபடியோ நேர் எதிர். ஊர்ப் பிள்ளைகள் அதை எந்த வரிசையிலும் நின்று கற்கவில்லை. சின்னக் கோட்டில், குறைந்த ஆட்களோடு, பாடிப் பாடியே கற்றார்கள். 1982இல் லஃப்பரோவில் பங்கரும் தார்ப்பும் முன்வைத்த ‘ஆட்டத்தைப் புரிந்து கற்பித்தல்’ சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்: முழு ஆட்டத்தைச் சுருக்கி முதலில் கொடு, தேவைப்படும் திறனைப் பிறகு எடுத்துப் பழக்கு. அந்த முறைக்கும் குறை உண்டு. பந்தின்மேல் கொஞ்சமும் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு எந்த உத்தியும் பயன்படாது. ஆகவே தொடக்கத்தில் சில வகுப்புகளுக்கு வரிசை இருக்கட்டும். அதற்குப் பிறகு அது சுருங்கவேண்டும்.

நாற்பது பிள்ளைகள், இரண்டு பந்துகள், ஒரு பீரியட் என்ற நிலையில் வேறென்ன செய்வது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கணக்கே வரிசைக்கு எதிராகப் பேசுகிறது. இரண்டு வரிசையில் இருபது இருபது பேர் நின்றால் ஒருவர் கை பந்தைத் தொடுவது அரிது. மீதி நேரம் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்ப்பதுதான். பெண்கள் ஆட்டத்தின் 2.24 மீட்டர் உயரத்துக்கு வலை கட்டியாகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தலைக்குமேல் ஒரு கயிறு போதும். மைதானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, மூவருக்கு மூவர் நிறுத்தி, பந்து ஒருமுறை தரையில் படலாம் என்று விட்டால் ஒவ்வொருவரும் நகர்ந்தும் கணித்தும் ஆகவேண்டும். அதற்குக் கூடுதல் பந்துகள் வேண்டும். அதைத் தருவது பள்ளியின் பொறுப்பு, ஆசிரியரின் தலையில் கட்டக்கூடாது. ஈட்டி எறிதல், குட்டிக்கரணம், எடை தூக்குதல் போன்றவற்றில் மட்டும் இந்தத் தளர்வு கூடாது. அங்கே பகுதி முறையும் கண்டிப்பான வரிசையும் உடம்பைக் காப்பாற்றுகின்றன.

மாற்றம் தொடங்கவேண்டிய இடம் மதிப்பெண் போடும் நாள். பயிற்சி முடிந்த கையோடு, ஆசிரியர் போடும் பந்தை எத்தனை முறை சரியாக எடுத்தாள் என்று எண்ணும் வழக்கம் இருக்கும்வரை வரிசைதான் வெல்லும். ஒரு வாரம் இடைவெளி விட்டு, வலைக்கு அப்பாலிருந்து வேறொரு மாணவி போடும் சர்வீஸை எங்கே நின்று எடுத்தாள், எடுத்த பந்து யார் கைக்குப் போனது என்று குறித்தால் போதும்.