வகுப்பறையில் சமையல்: கணக்கு எங்கே?

அடிப்படைக் கணக்கைச் சமையலின் வாயிலாகக் கற்பிக்கும் முறையைப் பலரும் பாராட்டுகின்றனர். அவல் 2 குவளை, வெல்லம் 1 குவளை, தேங்காய்த் துருவல் அரைக் குவளை என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். மாணவர்கள் அளந்து கலந்து, உண்டு மகிழ்கின்றனர். அளவைகள் கைக்குப் பழகுகின்றன. கணக்கின் மீதுள்ள அச்சமும் குறைகிறது. இவை நல்ல பயன்களே. ஆனால் அங்கே கணக்குப் போட்டவர் யார்? குறிப்பை எழுதியவர்தாம்! மாணவர் செய்தது, சொன்னபடி அளந்தது மட்டுமே.

இச்சிக்கல் புதிதன்று. அமெரிக்கக் கல்வியறிஞர் ஜான் டூயி 1896-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளியில் சமையலும் இடம்பெற்றிருந்தது. 1899-இல் வெளிவந்த தம் நூலொன்றில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். ஒவ்வொன்றையும் சோதித்தறிவதில் பொறுமையிழந்த குழந்தை ஒன்று, சமையல் நூலைப் பார்த்தே செய்துவிடலாமே என்றது. அந்நூலிலுள்ள குறிப்பு எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். குறிப்பை மட்டும் பின்பற்றினால் காரணம் விளங்காது என்பது உரையாடலில் தெளிவாயிற்று. குழந்தைகளும் விருப்பத்துடன் சோதனையைத் தொடர்ந்தனர்.

நம் வகுப்புகளில் விடுபட்டுப்போவது இந்தக் கேள்வியே. ஒரு குவளை அரிசியும் ஒரு குவளை அவலும் ஒரே எடை இருக்குமா? மாணவர்கள் முதலில் ஊகித்து எழுதட்டும். பிறகு தராசில் நிறுத்துப் பார்க்கட்டும். கொள்ளளவு வேறு, எடை வேறு என்பது அப்போது மனத்தில் பதியும்.

இன்னொரு கேள்வி: கொதிநீரில் 1 முட்டை வேக 10 நிமிடம் ஆகுமானால், 4 முட்டைகள் வேக எத்தனை நிமிடம் ஆகும்? நேர்விகிதக் கணக்கை மனப்பாடம் செய்த மாணவர் 40 என்பார். ஆனால் ஒவ்வொரு முட்டையையும் அதே கொதிநீர்தான் சூழ்ந்திருக்கிறது. வெப்பம் நான்கினுள்ளும் ஒரே சமயத்தில் பரவுகிறது. நீர் மீண்டும் கொதிநிலையை அடையச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம், அவ்வளவே. முட்டைகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகலாம். நேரம் அவ்வாறு ஆவதில்லை. விகிதம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று அறிவதும் கணக்கறிவேயாகும். அடுப்பின்மேல் பாத்திரம் இருக்கும்போதும் இதனைக் கேட்காவிட்டால் வேறு எப்போது கேட்பது?

எனவே அளவுகளை முன்கூட்டியே எழுதிப் போடாதீர்கள். 4 பேருக்குப் போதுமான அளவை மட்டும் கூறி, 30 பேருக்கு வேண்டியதை மாணவர்களே கணக்கிடட்டும். கணக்குத் தவறினால் பண்டம் குறையும், அல்லது மிஞ்சும். அத்தவற்றின் காரணத்தை அவர்களே தேடிக் காணும்போதுதான் சமையல் கணக்குப் பாடமாகிறது.