உறுமியும் கணிப்பொறியும்: மாயா அருள்பிரகாசத்தின் ‘கலா’ (2007) இசைத்தொகுப்பின் ஆக்கமும் ஏற்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஈழத்துப் புலம்பெயர் தமிழரான மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.) 2007இல் வெளியிட்ட ‘கலா’ என்னும் மின்னணுப் பாப் இசைத்தொகுப்பு, மேலை விமரிசனத்தில் உலகப் பயணத்தின் ஒலித்தொகுப்பாகவே பெரிதும் வாசிக்கப்பட்டது. அத்தொகுப்பில் ஒலிக்கும் தமிழ்த் தாளம் நாட்டார் வழக்கிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டதா, திரையிசையின் வழியே வந்ததா என்ற வினாவை இக்கட்டுரை முதன்மைப்படுத்துகிறது. படைப்புரிமை யாருக்குரியது என்ற வினாவும் இதனோடு இணைத்துப் பேசப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உறுமி, நையாண்டி மேளம், மின்னணு இசை, புலம்பெயர்வு, திரையிசை, நிகழ்த்துநர் உரிமை.

முன்னுரை

தமிழ் இசையாய்வு பெரும்பாலும் மூன்று தளங்களில் இயங்கி வருகிறது: பண்ணும் இராகமும் சார்ந்த மரபிசை, களஆய்வு சார்ந்த நாட்டார் இசை, பாடல்வரிகளை முதன்மைப்படுத்தும் திரையிசை. இம்மூன்றிலும் அடங்காத ஒரு படைப்பு வரும்போது அதைப் பேசுவதற்கான சொற்கள் நம்மிடம் குறைவு. ‘கலா’ அத்தகைய படைப்பு. அதன் வரிகள் பெரிதும் ஆங்கிலம். ஆக்கியவர் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, 1986இல் ஏதிலியாக மீண்டும் இலண்டன் சென்றவர். வெளியிட்டவை பிரித்தானியாவின் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸும் அமெரிக்காவின் இண்டர்ஸ்கோப்பும். ஆயினும் தொகுப்பின் முதற்பாடல் இளையராஜாவிலிருந்து எடுத்த ஒலித்துண்டோடு அமைகிறது. அடுத்த இரு பாடல்களின் முதுகெலும்பு உறுமி. தமிழியலாளர் இதைப் பேசாதிருப்பதற்குத் தக்க காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

விசாவும் வழித்தடமும்

தந்தையின் இயக்கப் பெயரால் ‘அருளர்’ (2005) என முதல் தொகுப்பு அமைந்தது. இரண்டாவதற்குத் தாயின் பெயர். தந்தை, ஈழப் புரட்சி அமைப்பின் (ஈரோஸ்) நிறுவனர்களுள் ஒருவர். தாய், அகதி வாழ்க்கையில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். முதல் தொகுப்பை ஆண்மை சார்ந்ததாகவும் இரண்டாவதைப் பெண்மை சார்ந்ததாகவும் ஆக்கியவரே வேறுபடுத்தியிருக்கிறார். இவ்வேறுபாட்டை அப்படியே ஏற்க வேண்டியதில்லை; ‘கலா’வின் ஒலி முன்னதைவிட மென்மையானது அன்று, கரடுமுரடானது. தாய் என்னும் படிமம் இங்குப் பரிவைக் குறிக்கவில்லை. இருப்பதைக் கொண்டு குடும்பத்தை நடத்தும் உழைப்பைக் குறிக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

அமெரிக்காவில் தங்கி, டிம்பலாண்ட் என்னும் முன்னணித் தயாரிப்பாளருடன் இத்தொகுப்பை உருவாக்குவது தொடக்கத் திட்டம். 2006இல் அந்நாட்டில் நீண்டகாலம் பணிபுரிவதற்கான விசா அவருக்கு மறுக்கப்பட்டது. அதன் விளைவாகத் தொகுப்பின் வழித்தடம் மாறியது. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என ஒலிப்பதிவு சிதறியது. ஸ்விட்ச் என அறியப்படும் டேவ் டெய்லர் முதன்மைக் கூட்டுத் தயாரிப்பாளரானார். இறுதியில் டிம்பலாண்டுடன் ஒரு பாடல் இடம்பெற்றது. அது தொகுப்பின் கடைசியில், வேறொரு வீட்டுச் சாமானைக் கொண்டுவந்து வைத்ததுபோல் ஒட்டாமல் நிற்கிறது. முதலில் திட்டமிட்ட தொகுப்பு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அப்பாடலே சான்று. விசா மறுக்கப்பட்டதில் இசைக்கு இழப்பில்லை என்று எண்ணத் தோன்றுகிறது.

மேலை விமரிசனம் இப்பயணத்தை வியந்தது. ஆனால் பயணம் என்ற சொல் இங்கு ஒன்றை மறைக்கிறது. விரும்பிய இடத்துக்குச் செல்பவர் பயணி. விரும்பிய இடத்தில் கதவடைக்கப்பட்டதால் பிற இடங்களுக்குச் செல்பவரை அச்சொல்லால் அழைப்பது பொருந்தாது. தொகுப்பில் மிகப் பரவலாக அறியப்பட்ட ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடல் இந்த விசா நெருக்கடியிலிருந்தே பிறந்தது.

கோடம்பாக்கத்தில் உறுமி

சென்னைக்கு வந்தபோது ஏ.ஆர். ரஹ்மானைச் சந்தித்தார். அச்சந்திப்பில் பாடல் எதுவும் உருவாகவில்லை. ஆனால் ரஹ்மான் இசைஞர்களின் தொடர்புகளை வழங்கியதோடு கோடம்பாக்கத்தில் உள்ள தம் ஒலிப்பதிவுக்கூடத்தையும் பயன்படுத்த இசைந்தார். உறுமிக் குழுவின் வாசிப்பு அவ்வாறு பதிவானது. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய பாடல்களின் தாளக் கட்டுமானம் அதன்மேல் எழுந்தது.

பாடல் உருவாகாமைக்கு ஆளுமை வேறுபாட்டைக் காரணமாகக் கூறுவது எளிது. இசைவரலாற்று நோக்கில் வேறொன்றும் கூறலாம். தமிழ்த் திரையிசையில் கணிப்பொறி வழித் தாள நிரலாக்கம் இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தில் அழுத்தமாகத் தடம் பதித்தது. ‘ரோஜா’வுக்குப் (1992) பின் ரஹ்மானிடம் அது ஒரு முழுமையான அழகியலாயிற்று. இவ்விருவரிடமும் மின்னணு ஒலி மெருகை நோக்கிச் செல்கிறது: ஒவ்வோர் ஓசைக்கும் இடம், இடைவெளி, தெளிவு. ‘கலா’ எதிர்த்திசையில் செல்கிறது. ஓசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மோதுகின்றன. ஒலியளவு வேண்டுமென்றே எல்லை மீறிச் சிதைகிறது. கோழிகளின் கூச்சலும் சிறுவர்களின் கத்தலும் தாளத்தோடு கலக்கின்றன. ஒரே கூடத்திற்குள் இரு மின்னணு அழகியல்கள் சந்தித்துப் பிரிந்தன எனலாம்.

உறுமியின் இயல்பை இங்குச் சற்று விரிவாக நோக்க வேண்டும். இடை சிறுத்த இருமுகத் தோற்கருவி அது. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பர். மற்றொரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பர். தேய்க்கும்போது எழும் ஓசையே கருவிக்குப் பெயர் தந்த உறுமல். அடித்த ஓசை பிறந்தவுடன் மடியத் தொடங்கும். தேய்த்த ஓசை கை நிற்கும்வரை நீளும், அழுத்தத்திற்கேற்ப மேலும் கீழும் வளையும். மின்னணு நடன இசையில் அடியொலி செய்யும் பணியும் இதுவே: நீண்டு, வளைந்து, உடலில் அதிர்வது. எனவே உறுமியை மின்னணு இசைக்குள் கொண்டுவர அதன்மேல் எதையும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. ‘பேர்ட் ஃப்ளூ’வில் வழக்கமான அடியிசைக் கோடு முன்னிற்காமலேயே பாடல் கனத்து ஒலிப்பதற்குக் காரணம் இதுவென்பது என் கருத்து.

இழப்பும் உண்டு. பண்பொழி, செங்கோட்டை, கடையநல்லூர் வட்டாரக் கோயில் கொடைகளில் நையாண்டி மேளத்தைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் புலப்படும். நாகசுரம், தவில், பம்பை, உறுமி ஆகியவை கூடி ஒலிக்கும் அம்மேளத்தில் வேகம் நிலையானது அன்று. கரகம் ஆடுபவரின் காலைப் பார்த்துத் தவில்காரர் விரைவார். உறுமிக்காரர் அவரைப் பிடிப்பார். சாமியாடும் வேளையில் மேளம் ஏறும் ஏற்றத்தை அளவுகோலில் அடக்க முடியாது. கணிப்பொறியில் அமைத்த பாடலோ முதல் நொடியிலிருந்து இறுதிவரை ஒரே வேகம். ஆடுபவருக்காக அது விரையாது. ஆடுபவரே அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். வேகத்தின் ஏற்றத்திற்கு ஈடாக ‘கலா’ அடர்த்தியின் ஏற்றத்தை வைக்கிறது: அடுக்குகள் கூடுகின்றன, கூச்சல் மிகுகிறது. இது திறமையான மாற்று. ஆயினும் நாட்டார் தாளத்தை அப்படியே உலகிற்குக் கொண்டுசென்றார் என்னும் பாராட்டு இங்குப் பொருந்தாது. தாளத்தின் ஓசைநிறம் சென்றது, ஆட்டக்காரரோடு அது கொண்ட உறவு செல்லவில்லை.

திரையரங்கின் வழி வந்த கிராமம்

‘பேம்பூ பாங்கா’ பாடலில் ‘தளபதி’ (1991) படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாடலிலிருந்து எடுத்த துண்டு பயன்பட்டுள்ளது. ‘பேர்ட் ஃப்ளூ’வில் ஆர்.பி. பட்நாயக் இசையமைத்த ‘ஜெயம்’ (2003) படத்தின் திருவிழாப் பாடல் பயன்பட்டுள்ளது. ‘ஜிம்மி’ என்பது ‘டிஸ்கோ டான்சர்’ (1982) இந்திப் படத்தில் பப்பி லஹிரி அமைத்த பாட்டின் மறுவாக்கம். இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. தொகுப்பின் ‘ஊர்’ ஊரிலிருந்து வந்ததன்று. வீடியோ நாடாவிலிருந்தும் வானொலியிலிருந்தும் விழா வீட்டு ஒலிபெருக்கியிலிருந்தும் வந்தது.

‘காட்டுக்குயிலு’ நகரத்து இசையமைப்புக்கூடத்தில் உருவான கொண்டாட்டப் பாடல். அதன் தாளம் நாட்டார் வழக்கை நினைவூட்டுவதற்காக அமைக்கப்பட்டது. ‘ஜெயம்’ பாடலும் அத்தகையதே. ஆகவே ‘கலா’ எடுத்தாள்வது நாட்டார் இசையைப் பற்றித் தமிழ்த் திரை கொண்டிருந்த கற்பனையை. அதன் அருகிலேயே உண்மையான உறுமிக் குழுவின் வாசிப்பை வைக்கும்போது, கேட்பவருக்கு எது பதிவு, எது நினைவு என்று பிரித்தறிய இயலாமற்போகிறது. மேலை விமரிசகர்கள் இரண்டையும் சேர்த்து ‘பழங்குடித் தாளம்’ என்ற வகையான சொற்களால் சுட்டியது அறியாமை என ஒதுக்கிவிடலாம். ஆனால் நாமும் இதை ‘மண்ணின் இசை’ எனப் பெருமிதம் கொண்டால் அதே பிழையை வேறு சொல்லால் செய்கிறோம்.

இது தொகுப்பின் குறையன்று. பதினொரு வயதளவில் நாடு நீங்கிய ஒருவருக்குத் தாளம் திரைப்படத்தின் வழியாகவே மீந்திருக்கும். புலம்பெயர் வீடுகளில் தமிழ் ஒலித்த விதம் அதுவே. அந்த நினைவின் தன்மையை மறைக்காமல், அதன் நாடாத் தேய்மானத்தோடு, இரைச்சலோடு கேட்கச் செய்ததே ‘கலா’வின் நேர்மை. தமிழ் அங்கு மொழியாக அன்று, ஓசையாகவே வாழ்கிறது. இந்நிலை வருத்தத்திற்குரியதா என்பது வேறு வினா.

ஏற்பு

2007ஆம் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பாக ‘ரோலிங் ஸ்டோன்’, ‘பிளெண்டர்’ ஆகிய அமெரிக்க இதழ்கள் ‘கலா’வைத் தேர்ந்தன. பில்போர்டு 200 பட்டியலில் அது எட்டிய உயர்நிலை 18. பாராட்டுகளோடு ஒரு பழக்கமும் சேர்ந்துவந்தது: ஒலியின் மூளை டிப்லோ போன்ற ஆண் தயாரிப்பாளர்களே என்னும் ஊகம். 2007இல் அளித்த நேர்காணலில் அவர் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். டிப்லோவின் பங்கு சில பாடல்களோடு நிற்பது. தொகுப்பின் பெரும்பகுதி எம்.ஐ.ஏ., ஸ்விட்ச் இருவரின் கூட்டாக்கம். பெண் பாடுவாள், ஆண் அமைப்பான் என்ற பகுப்பு தமிழ்த் திரையிசைக்கும் புதிதன்று என்பதை நினைவிற்கொண்டால் இந்நிகழ்வை மேலை நாட்டுச் சிக்கலாக மட்டும் கருத முடியாது.

‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலின் பல்லவியில் துப்பாக்கி ஓசையும் பணப்பெட்டி ஓசையும் சொற்களின் இடத்தில் நிற்கின்றன. குடியேறிகள் கொள்ளையடிக்க வந்தவர்கள் என்னும் அச்சத்தை அக்குரலிலேயே பேசி நகையாடும் பாடல் அது. அமெரிக்கத் தொலைக்காட்சி துப்பாக்கி ஓசையை மாற்றி ஒலிபரப்பியது. பாடல் எந்த அச்சத்தைச் சுட்டியதோ அதை அச்செயலே மெய்ப்பித்தது. 2008இல் ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ படத்தின் முன்னோட்டத்தில் இடம்பெற்றபின் பாடல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4ஆம் இடம்வரை ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் ஒலித்தது. சென்னையில் உருவாகாத கூட்டு அப்படத்தின் ‘ஓ... சாயா’வில் நிகழ்ந்தது, ரஹ்மான், எம்.ஐ.ஏ. இருவருக்கும் ஆஸ்கர் பரிந்துரையையும் பெற்றுத்தந்தது.

அதே மாதங்களில் வன்னியில் போர் அதன் இறுதிக் கட்டத்தை எட்டியிருந்தது. 2009 பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் தோன்றிய அவர், அக்காலத்தில் அளித்த நேர்காணல்களில் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்படுவதைப் பேசினார். புலிகளின் ஆதரவாளர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அவர் மறுத்தார். இதனால் தமிழ்ச் சூழலில் அவர் பெற்ற ஏற்பு பெரிதும் அரசியல் சார்ந்ததாயிற்று: ஒரு சாராருக்குக் குரல் கொடுத்தவர், மற்றொரு சாராருக்கு மேடைப் புரட்சியாளர். இரு தரப்பும் இசையைக் கேட்டதாகத் தெரியவில்லை.

யாருடைய தாளம்?

தொகுப்பின் நன்றிக் குறிப்புகளில் ‘தளபதி’, ‘ஜெயம்’ படப் பாடல்கள் முறையாகச் சுட்டப்படுகின்றன. பதிப்புரிமை கொண்ட பாடல்கள் என்பதால் அது சட்டத்தின் தேவை. உறுமியின் நடைகளுக்கு இசையமைப்பாளர் என ஒருவர் இல்லை. எனவே உரிமையாளரும் இல்லை. தந்தையிடமும் குழுவிலும் கற்று, ஆண்டுதோறும் கொடைக்குக் கொடை மெருகேற்றிய நடை, ஒலிப்பதிவுக்கூடத்தில் அன்றைய ஊதியத்தோடு முடிந்துவிடுகிறது. விமரிசனங்களில் ஸ்விட்ச், டிப்லோ, டிம்பலாண்ட் என்னும் பெயர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன; உறுமிக்காரர்கள் ‘இந்திய மேளக்காரர்கள்’ என்னும் பன்மைக்குள் நின்றுவிடுகின்றனர். எம்.ஐ.ஏ. தம் படைப்புரிமைக்காக எழுப்பிய அதே வினாவை அவருடைய தொகுப்பிடமும் எழுப்பலாம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) நிகழ்த்துநர் உரிமையை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் ஏற்றது. நிகழ்த்துநராகத் தம்மை அடையாளப்படுத்தக் கோரும் உரிமை 2012 திருத்தத்தின் 38ஆ பிரிவால் வந்தது. ‘கலா’ வெளியாகி ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன. இன்று தென்காசி மாவட்டக் கொடைகளில் வாசிக்கும் நையாண்டி மேளக் குழுக்கள் திரைப்பாடல்களையும் வாசிக்கின்றன. அந்நிகழ்வுகள் கைப்பேசியில் பதிவாகி ஊர்ப்பெயரோடு இணையத்தில் ஏறுகின்றன. ஊர்ப்பெயர் இருக்கும், சாமியின் பெயர் இருக்கும். உறுமி வாசித்தவரின் பெயரைப் பெரும்பாலும் தேடித்தான் அறிய வேண்டும்.