திக்கற்ற பிள்ளைகளும் நாடக மேடையும்

தஞ்சைத் திருச்சபை வாலிபர் சிலர் நடித்த சுவார்ட்ஸ் ஐயர் சரித்திர நாடகத்தை அண்மையில் கண்டோம். 1781இல் ஐதர் அலியின் படைகள் காவிரி நாட்டைப் பாழாக்கியதும், நெல் விளையும் பூமியிலேயே மக்கள் பசியால் மடிந்ததும், ஐயர் முன்னரே வாங்கிச் சேமித்திருந்த தானியத்தால் பலர் பிழைத்ததும் உருக்கமாகக் காட்டப்பட்டன. 1787இல் துளஜா மன்னர் மரணத் தறுவாயில், தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைக் காக்கும்படி ஐயரை வேண்டும் காட்சியில் அவையோர் கண்கலங்கினர்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. அரசிளங்குமரன் நீண்ட வசனங்கள் பேசுகிறான். கஞ்சித் தொட்டியருகே நிற்கும் அநாதைச் சிறுவருக்கோ பேச்சுமில்லை, பெயருமில்லை. ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்க, சரபோஜி மன்னர் தஞ்சை ஆலயத்தில் நிறுவிய சலவைக்கல் நினைவுச் சின்னத்திலும், மரணப்படுக்கையிலுள்ள ஐயரின் கரத்தை மன்னரே பற்றியிருக்கிறார். பள்ளிச் சிறுவர் அருகில் வாளா நிற்கின்றனர். கல் பேசாது, நாடகம் பேசலாமன்றோ!

திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதே மாசற்ற பக்தி என்பது யாக்கோபு நிருபத்தின் போதனை. விசாரித்தல் சோறிடுவதோடு முடிவதன்று. அவர்கள் சொல்வதைக் கேட்பதுமாகும். அடுத்த முறை மேடையேறுகையில் அச்சிறுவருள் ஒருவனாவது வாய் திறப்பானாக.