மாடு என்ற சொல்

அகராதியில் மாடு என்ற சொல்லுக்கு எதிரே எருது, பசு, செல்வம், பொன், பக்கம் என்று அர்த்தங்கள் நிற்கின்றன. பண்டிதர் இடத்துக்கு ஏற்றதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டிவிடுவார். கவிதை வாசகனுக்கு இது போதுமா?

400-ஆம் குறளில் மாடு என்றால் செல்வம். பரிமேலழகர் முதல் பள்ளிக்கூட நோட்ஸ் வரை இதில் வேறு பேச்சில்லை. சரி, செல்வம், பொருள் என்ற சொற்கள் கைவசம் இருக்க வள்ளுவர் ஏன் மாட்டைப் பிடித்தார்? 'கேடு'க்கு எதுகை வேண்டியிருந்தது என்பார்கள். எதுகை சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தும். அதனிடம் வேலை வாங்குவது கவிஞன். கல்வியை அழியாத செல்வம் என்கிற இடத்தில், நோய் கண்டு சாகிற, அடுத்த ஊர்க்காரன் ஓட்டிக்கொண்டு போகிற செல்வத்தின் பெயர் வந்து நிற்கிறது. ஆநிரை கவர்வதை வெட்சி என்று பெயரிட்டுத் தொல்காப்பியம் இலக்கணம் வகுத்த மொழி இது. 1972-இல் வெளிவந்த 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பில், கவரவும் மீட்கவும் போய்ச் செத்தவர்கள் பலர்.

ஆனால் அந்தக் கற்களில் உள்ள சொல் 'தொறு'. சங்கப் பாட்டில் 'ஆ', 'நிரை'. ஆகவே வள்ளுவர் காதில் கழுத்துமணி ஒலித்திராது என்று மடக்கலாம். இருக்கட்டும். இன்று படிக்கிறவன் காதில் ஒலிக்கிறது. உரைகாரரைக் காட்டி அவன் காதைப் பொத்துவது விமர்சனமாகாது.

'பக்கம்' என்ற அர்த்தம் பேச்சிலிருந்து போய்விட்டது. மேடையில் மட்டும் 'அன்னார்மாட்டு யாம் கொண்ட அன்பு' என்று கட்டுத்தறியில் நிற்கிறது. (மருமகளை மாட்டுப்பெண் என்கிற வீடுகளும் உண்டு. அந்தச் சொல்லின் பிறப்பு எதுவானாலும், அவள் செய்கிற வேலையைப் பார்த்தால் மாடு பொருந்தத்தான் செய்கிறது.)

புதுக்கவிதைக்காரர்களாவது மாட்டை அவிழ்த்துவிட்டார்களா என்றால், இல்லை. ஏர் இழுத்தால் சுரண்டப்படும் உழைப்பாளி, போஸ்டர் தின்றால் நகரத்தின் அவலம். ஒரு மாட்டுக்கு ஒரு அர்த்தம். பண்டிதரைக் கேலி செய்துகொண்டே அவர் வேலையைத் தொடர்கிறார்கள். தெருவில் பேசுகிறவர்களுக்கு இந்த நெருக்கடி கிடையாது. 'மாடு மாதிரி நிக்கிறியே' என்றால் வசை. 'மாடு மாதிரி உழைக்கிறான்' என்றால் பரிவு. எருமைக்கு மட்டும் பரிவு கிடைப்பதில்லை, அது வேறு கதை. 'மாடாட்டம் உழைக்குது இந்த மனுஷன்' என்று ஒருத்தி தன் புருஷனைப்பற்றிச் சொல்லும்போது இரக்கமும் எரிச்சலும் ஒரே மூச்சில் வருகின்றன. இதில் எதை எடுத்துவிட்டு எதை வைத்துக்கொள்வார் நம் கவிஞர்?